பொறியியல் மாஸ்டர்ஸ்: எங்கே படிப்பது என்று முடிவு செய்வது எப்படி?

பொறியியலில் மாஸ்டர்ஸ் படிக்கலாம் என்று தோன்றியதும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, உலகத் தரவரிசைப் பட்டியல் ஒன்றைத் திறந்து மேலிருந்து கீழாக இறங்குவது. நம் மதிப்பெண்ணுக்கு எந்த இடத்தில் சீட் கிடைக்கும் என்று தோன்றுகிறதோ அங்கே நின்றுகொண்டு, அதற்கப்புறம்தான் அந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று பார்ப்பார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

இளநிலைப் படிப்பு நான்கு வருடம். அதில் கல்லூரியின் பெயர், வளாகம், கூடப் படிப்பவர்கள் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. முதுநிலை ஒன்றிலிருந்து இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். ஏறத்தாழ பத்துப் பாடங்கள், ஒரு ப்ராஜெக்ட் அல்லது தீசிஸ், அவ்வளவுதான். உங்களுக்கு நேரடியாகப் பாடம் எடுக்கப்போவது ஒரே துறையைச் சேர்ந்த சில பேராசிரியர்கள். ஆகவே நீங்கள் தேடுவது ஒரு துறையை, அதற்குள் ஒரு பாடத்திட்டத்தை, சில நேரம் ஒரே ஒரு லேபை. பல்கலைக்கழகத்தின் பெயர் அதோடு சேர்ந்து வருவது.

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

முதுநிலைக்கு வருபவர்களின் காரணங்கள் பெரும்பாலும் நான்கில் அடங்கும். இருக்கிற துறையிலேயே ஆழமாகப் போய் நல்ல வேலைக்கு மாறுவது, துறையை மாற்றுவது, பிஎச்டிக்கு அடித்தளம் போடுவது, வேறு நாட்டில் குடியேறுவது. நான்காவதைச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதுதான் காரணம் என்றால் விசா விதிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும், பாடத்திட்டத்தை அடுத்ததாகப் பார்க்கலாம். காரணத்தை மறைத்துக்கொண்டு தேடினால் தேடல் கோணலாகிவிடும்.

எழுதும் வரி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. "எனர்ஜி துறையில் ஏதாவது" என்று எழுதினால் ஆயிரம் படிப்புகள் வந்து நிற்கும். "மின்வாகன பேட்டரி சூடாகாமல் வைத்திருக்கும் வடிவமைப்பில் வேலை" என்று எழுதினால் பட்டியல் தானாகவே சுருங்கும். பின்னால் மனம் மாறினாலும் பரவாயில்லை. தேடத் தொடங்க ஒரு முனை வேண்டும்.

2. பட்டத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் எம்எஸ் என்பது தீசிஸோடும் இருக்கும், பாடங்கள் மட்டும் படித்து முடிப்பதாகவும் இருக்கும். எம்இஎன்ஜி என்றால் அங்கே பெரும்பாலும் வேலைக்குத் தயாராக்கும் படிப்பு, ஆராய்ச்சி குறைவு. கனடாவில் இந்தக் கோடு இன்னும் தெளிவு: எம்ஏஎஸ்சி ஆராய்ச்சி வழி, பெரும்பாலும் உதவித்தொகையோடு வரும், எம்இஎன்ஜி பாட வழி, செலவு உங்களுடையது. அதே எம்இஎன்ஜி பிரிட்டனுக்குப் போனால் இளநிலையோடு சேர்த்துத் தரும் நான்கு வருடப் பட்டமாகிவிடும். இளநிலை முடித்தவர் அங்கே தேட வேண்டியது எம்எஸ்சி.

பிரிட்டனின் எம்எஸ்சி பொதுவாக ஒரு வருடம், 180 கிரெடிட். ஐரோப்பியக் கணக்கான இசிடிஎஸ்-இல் அது 90. ஜெர்மனியில் எம்எஸ்சி பெரும்பாலும் இரண்டு வருடம், 120 இசிடிஎஸ்; அதில் கடைசி செமஸ்டர் முழுக்க, 30 இசிடிஎஸ் அளவுக்கு, தீசிஸாகவே இருக்கும். ஒரு வருடப் படிப்பு செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் போய் இறங்கிய சில மாதங்களிலேயே வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டியிருக்கும், நடுவில் நீண்ட இன்டர்ன்ஷிப்புக்கு இடமிருக்காது. துறை மாறுகிறவருக்கு இது நெருக்கடிதான்.

ஜெர்மனியில் இன்னொரு பிரிவும் உண்டு. டியூ என்று தொடங்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் ஒரு வகை, ஹோக்ஷூலே எனப்படும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையில் தொழிற்சாலைத் தொடர்பு அதிகம், வகுப்புகள் சிறியவை. பிஎச்டி பட்டம் தரும் உரிமை பெரும்பாலும் முதல் வகைக்கே. இதில் உயர்வு தாழ்வு பார்க்க வேண்டாம், முதலில் எழுதிய அந்த வரிக்கு எது பொருந்துகிறது என்று பாருங்கள்.

ஜப்பானில் முதுநிலை என்றால் ஒரு லேபில் உறுப்பினராவது. எந்தப் பேராசிரியர் உங்களை ஏற்கிறார் என்பதில்தான் எல்லாமே தொடங்குகிறது. இந்தியாவின் ஐஐடிகளில் எம்டெக் பாடங்களின் பக்கம் சாய்ந்தது, ஆராய்ச்சி எம்எஸ் தீசிஸின் பக்கம் சாய்ந்தது.

3. பட்டியலைக் கீழிருந்து கட்டுங்கள்

உங்களுக்குப் பிடித்த வேலையில் இப்போது இருப்பவர்கள் எங்கே படித்தார்கள் என்று லிங்க்ட்இன்னில் பாருங்கள். உங்கள் தலைப்பில் கடந்த மூன்று வருடத்தில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை கூகுள் ஸ்காலரில் தேடி, எழுதியவர்களின் பெயருக்குக் கீழே உள்ள நிறுவனங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் துறையின் பெரிய மாநாடு எது என்று தெரிந்தால் அதன் நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். ஒரு வார இறுதி போதும், திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் கண்ணில் பட்டுவிடும்.

இப்படித் தேடினால் பொதுப் பட்டியலில் உங்கள் கண்ணுக்கே தெரியாத இடங்கள் மேலே வரும். காற்றாலை என்றால் டென்மார்க்கின் டிடியூ. கப்பல், கடல்சார் பொறியியல் என்றால் நார்வேயின் என்டிஎன்யூ. சுரங்கம் என்றால் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ். நீர் மேலாண்மை என்றால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட். உற்பத்தித் தொழில்நுட்பம், வாகனம் என்றால் ஜெர்மனியின் ஆஹன். பிரிட்டனின் கிரான்ஃபீல்ட் விமானத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனால் அங்கே இளநிலைப் படிப்பு இல்லை. டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் தரவரிசை இளநிலை நடத்தாத நிறுவனங்களைச் சேர்ப்பதில்லை. பட்டியலை மட்டும் நம்புகிறவருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாமல் போகும்.

இந்தக் கட்டத்தில் இருபது பெயர் சேர்ந்தால் போதும்.

4. தரவரிசையை எதற்குப் பயன்படுத்தலாம்

முழுக்கத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். க்யூஎஸ் பட்டியலில் 2024 பதிப்பிலிருந்து 30 சதவீதம் கல்வியாளர்களிடம் எடுக்கும் நற்பெயர் கருத்துக்கணிப்பு, 15 சதவீதம் வேலை தருபவர்களிடம் எடுக்கும் கணிப்பு. அதாவது ஏறத்தாழ பாதி, பெயரின் புகழ். ஷாங்காய் பட்டியலில் நோபல் பரிசும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற பழைய மாணவர்களுக்கு 10 சதவீதம், அவற்றைப் பெற்ற ஆசிரியர்களுக்கு 20 சதவீதம். பொறியியலுக்கு நோபல் பரிசே கிடையாது. எப்போதோ ஒரு வேதியியலாளர் வாங்கிய பரிசு உங்கள் கான்கிரீட் லேபுக்கு என்ன செய்யும் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் தானாகத் தரும் புள்ளிவிவரங்களிலும் தவறு வரும். 2022இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் யூஎஸ் நியூஸ் பட்டியலுக்குத் தந்த எண்கள் சரியில்லை என்று விரிவாக எழுதினார். அந்த ஆண்டே கொலம்பியா 2ஆம் இடத்திலிருந்து 18ஆம் இடத்துக்கு இறங்கியது. வகுப்பறையில் ஒன்றும் மாறவில்லை, எண்கள்தான் மாறின.

ஆகவே 43ஆம் இடமா 58ஆம் இடமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பாடவாரிப் பட்டியலை எடுத்து, முதல் 50, அடுத்த 100 என்று பெரிய பட்டைகளாகப் பாருங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: சில அரசு உதவித்தொகைகளும் சில விசாத் திட்டங்களும் குறிப்பிட்ட தரவரிசைக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும். உங்கள் திட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால் அந்த எண்ணைக் கவனியுங்கள்.

5. பாடத்திட்டத்தைப் படியுங்கள், உண்மையாகவே

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. அதிகம் பேர் தாண்டிப் போகும் இடமும் இதுதான்.

ஒவ்வொரு படிப்புக்கும் மூன்று ஆவணங்களைத் தேடுங்கள். முதலாவது, பாட விவரக் கையேடு. ஜெர்மனியில் இதை மாடூல்ஹாண்ட்புக் என்பார்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ளடக்கம், தேர்வு முறை, முன்தேவை எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவில் கேட்டலாக். இரண்டாவது, கடந்த நான்கு செமஸ்டர்களின் கால அட்டவணை. மூன்றாவது, முந்தைய மாணவர்களின் தீசிஸ் தலைப்புகள். பல பல்கலைக்கழக நூலகங்கள் இவற்றைப் பொதுவில் வைத்திருக்கின்றன.

எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். ரோபாட்டிக்ஸ் எம்எஸ்சி ஒன்றின் பக்கத்தில் 34 எலெக்டிவ் பாடங்கள் வரிசையாக இருக்கின்றன. பார்த்தால் வாயைப் பிளக்க வைக்கும் பட்டியல். இப்போது கால அட்டவணையை எடுத்துக்கொண்டு, கடந்த நான்கு செமஸ்டரில் உண்மையில் நடந்த பாடங்களுக்கு மட்டும் டிக் போடுங்கள். 34இல் 15 நிற்கிறது. அதில் நான்கு பாடங்களின் விவரத்தில் "கணினி அறிவியல் மாணவர்களுக்கு முன்னுரிமை" என்று ஒரு வரி. நீங்கள் சேரப்போவது இயந்திரவியல் துறை. 11 ஆயிற்று. இன்னும் இரண்டுக்கு ஒரு முன்தேவைப் பாடம் வேண்டும், அதுவோ வருடத்துக்கு ஒரு முறை, வசந்த காலத்தில் மட்டும் நடக்கிறது. அதை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள் உங்கள் படிப்பு முடிந்துவிடும். கையில் மிஞ்சியது ஒன்பது. அந்த ஒன்பதில் உங்கள் வரிக்குப் பொருந்துவது எத்தனை? குறைந்தது ஐந்து இருந்தால் அது நல்ல படிப்பு. ஒன்றோ இரண்டோ என்றால் மற்ற விளம்பரமெல்லாம் உங்களுக்கானதில்லை.

இதைச் செய்யும்போதே யார் பாடம் எடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். பெயருக்குப் பதில் "பின்னர் அறிவிக்கப்படும்" என்று எல்லாப் பாடத்திலும் இருந்தால் உஷாராகுங்கள். புதிதாகத் தொடங்கிய படிப்பு, கவர்ச்சியான தலைப்பு, ஆனால் பாடங்களெல்லாம் பழைய துறைகளிலிருந்து இரவல் என்றால் பட்டத்தின் பெயர் மட்டும்தான் புதிது.

தீசிஸ் தலைப்புகள் வேறொரு கதையைச் சொல்லும். நிறுவனங்களோடு சேர்ந்து செய்தவை எத்தனை, சோதனைக்கூடத்தில் கை அழுக்காகச் செய்தவை எத்தனை, சிமுலேஷனோடு நின்றவை எத்தனை என்று ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். எதுவும் தவறில்லை. நீங்கள் வெல்டிங் பற்றி ஆராயப் போய், அங்கே எல்லோரும் மென்பொருளில் மட்டும் வெல்டிங் செய்கிறார்கள் என்று சேர்ந்த பிறகு தெரிந்தால்தான் வருத்தம்.

6. தீசிஸ் வழி என்றால் கைடுதான் முக்கியம்

கைடாக வரக்கூடியவர்கள் ஒரு துறையில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலோ ஓய்வு பெற்றாலோ நீண்ட விடுப்பு எடுத்தாலோ மாற்று வேண்டும். கடைசியாகக் கட்டுரை வெளியிட்டது எப்போது, லேப் பக்கம் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, முதுநிலை மாணவர்கள் பெயரும் அதில் இருக்கிறதா அல்லது பிஎச்டி மாணவர்கள் மட்டும்தானா என்று பாருங்கள். மிகப் பெரிய பெயர் கொண்டவரின் லேபில் முதுநிலை மாணவர் அவரை மாதத்துக்கு ஒரு முறைகூடப் பார்க்காமல் போவதுண்டு. பிஎச்டி மாணவர்தான் உண்மையான கைடாக இருப்பார். இளம் உதவிப் பேராசிரியருக்கு நேரமும் ஊக்கமும் இருக்கும், நிதி நிலையாக இருக்குமா என்பது சந்தேகம்.

மின்னஞ்சல் எழுதினால் சுருக்கமாக எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும்: நான் யார், உங்கள் எந்தக் கட்டுரையை வாசித்தேன், அதில் எந்த இடம் என் வேலையோடு தொடர்புடையது, அடுத்த ஆண்டு முதுநிலை மாணவர்களை எடுக்கிறீர்களா. "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் உன்னத ஆராய்ச்சி" என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள். பாட வழிப் படிப்புக்கு இந்தக் கடிதமே தேவையில்லை.

7. இப்போது படிப்பவர்களிடம் கேளுங்கள்

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். யாரும் தன் தேர்வைத் தானே குறை சொல்ல மாட்டார்கள். நடந்ததைக் கேளுங்கள். போன செமஸ்டர் நீங்கள் எடுக்க நினைத்த பாடங்களில் எத்தனை கிடைத்தன? தீசிஸ் தலைப்பு எந்த மாதம் முடிவானது? உங்கள் வகுப்பில் குறித்த காலத்தில் முடித்தவர்கள் பாதிக்கு மேலா? இன்டர்ன்ஷிப் துறை வழியாக வந்ததா, நீங்களே தேடினீர்களா? உள்ளூர் மொழி தெரியாமல் பகுதிநேர வேலை கிடைத்ததா? இரண்டு பேரிடம் கேளுங்கள், அதில் ஒருவராவது படிப்பை முடித்து வேலைக்குப் போனவராக இருக்கட்டும்.

இங்கேயே ஒரு வார்த்தை. இலவசமாக ஆலோசனை தரும் ஏஜென்சிகள் பல, மாணவர் சேரும் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வாங்குபவை. அவர்கள் சொல்வது பொய் என்று அர்த்தமில்லை. அவர்கள் பட்டியலில் இல்லாத இடங்களைப் பற்றிப் பேச மாட்டார்கள், அவ்வளவே. கமிஷன் தராத இடங்களில் நல்லவை நிறைய.

8. மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

கட்டணத்தை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. கட்டணம், வாடகை, காப்பீடு, விசாவுக்கு வங்கியில் காட்ட வேண்டிய தொகை, சம்பாதிக்காமல் இருக்கும் மாதங்கள், இவை எல்லாம் சேர்ந்த ஒரே எண்தான் ஒப்பிடத் தகுந்தது. குறைந்த கட்டணமும் கடும் வாடகையும் உள்ள நகரம், அதிகக் கட்டணமும் ஒரே வருடமும் உள்ள படிப்பை விடச் செலவு வைக்கலாம்.

சீனியர்கள் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணமே இல்லை என்று சொல்வது இன்னும் பெரும்பாலும் சரிதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து அப்படி வரும் புதிய முதுநிலை மாணவர்களிடம் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. சுவிட்சர்லாந்தில் சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகம் 2025 இலையுதிர் காலத்திலிருந்து, படிப்பதற்காக நாட்டுக்குள் வரும் வெளிநாட்டவருக்கு செமஸ்டர் கட்டணத்தை 730 ஃப்ராங்கிலிருந்து 2,190 ஆக்கியது, மூன்று மடங்கு. விதி மாறுவதற்கு முன் சேர்ந்தவரின் அனுபவம் இந்த இடங்களில் உதவாது.

அமெரிக்காவில் ஆராய்ச்சி உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் பணிகள் முதலில் பிஎச்டி மாணவர்களுக்கே போகும். முதுநிலைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்து, கிடைக்காது என்ற கணக்கில் திட்டமிடுங்கள். ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளைத் தவறாமல் பாருங்கள்; குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வைத்து, உதவித்தொகை கிடைத்தவருக்கு மாதம் 1,400 யூரோ தருகிறார்கள். போட்டி கடுமை, விண்ணப்பக் காலமும் பெரும்பாலும் மற்றவற்றுக்கு முன்பே முடிந்துவிடும்.

9. படிப்புக்குப் பிந்தைய அனுமதி, உரிமம்

அமெரிக்காவில் படித்து முடித்தபின் 12 மாத வேலை அனுமதி உண்டு, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகைப் படிப்பென்றால் மேலும் 24 மாதம். ஸ்டெம்மா இல்லையா என்பதை முடிவு செய்வது பட்டத்தின் பெயர் இல்லை, அந்தப் படிப்புக்கு ஒதுக்கப்பட்ட சிஐபி எனும் வகைப்பாட்டு எண். பொறியியலும் மேலாண்மையும் கலந்த படிப்புகளில் இதை எழுத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். இந்த விதிகளும் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் மாதத்தில் அரசின் தளத்தில் மறுபடி பாருங்கள்.

கட்டுமானம் போன்ற துறைகளில் பொறியாளராகக் கையெழுத்திடும் உரிமம் வேண்டும் என்றால் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும். 1989இல் கையெழுத்தான வாஷிங்டன் ஒப்பந்தம், உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று மதிக்க வழி செய்கிறது. அது இளநிலைப் பட்டங்களுக்கானது. இளநிலை அங்கீகாரம் இல்லாததை முதுநிலைப் பட்டம் தானாகச் சரிசெய்துவிடாது. உரிமம் தரும் வாரியத்திடம் நேரடியாகக் கேளுங்கள்.

10. இருபதை ஏழெட்டாக்குங்கள்

இங்கே தகுதி விதிகள் வடிகட்டும். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பல, இளநிலையில் கணிதம், இயந்திரவியல் போன்றவற்றில் இத்தனை கிரெடிட் என்று பாடவாரியாக எண்ணுவார்கள். மொத்த மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த எண்ணிக்கை குறைந்தால் நிராகரிப்புதான். துறை மாறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை. அமெரிக்காவில் பல துறைகள் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வைக் கேட்பதை நிறுத்திவிட்டன, சில இன்னும் கேட்கின்றன; துறையின் பக்கத்தில் பாருங்கள். ஜிஆர்இ மதிப்பெண் ஐந்து வருடம், ஆங்கிலத் தேர்வுகளான டோஃபெலும் ஐஇஎல்டிஎஸ்-உம் இரண்டு வருடம், இந்தியாவில் எம்டெக் சேர்க்கைக்கான கேட் மூன்று வருடம் செல்லும்.

மிஞ்சுவதில் எட்டாக்கனி என்று தோன்றுவது இரண்டு, பொருந்துவது மூன்று நான்கு, நிச்சயம் கிடைக்கும் என்பது இரண்டு. அந்தக் கடைசி இரண்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆஃபர் வந்தாலும் போக மாட்டேன் என்ற இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுவது வீண் செலவு. நிச்சயமான இடங்களையும் அதே பாடத்திட்டச் சோதனையில் தேற வையுங்கள்.

11. ஆஃபர்கள் கையில் வந்தபின்

வேலைவாய்ப்பு எண்களை இப்போது கறாராகப் படிக்கலாம். "95 சதவீதம் வேலையில்" என்றால் எத்தனை பேர் பதில் சொன்னார்கள்? முதுநிலை மாணவர்களா, இளநிலையும் சேர்த்தா? பிஎச்டிக்குப் போனவர்களும் அதில் அடக்கமா? வெளிநாட்டு மாணவர்களின் கணக்கு தனியாக உண்டா? சராசரிச் சம்பளத்தைவிட நடுமதிப்பை, அதாவது வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் சம்பளத்தை, கேளுங்கள். ஒன்றிரண்டு பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும். துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பல நேரம் இந்த விவரம் கிடைக்கும்.

உடனே பதில் சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினால் எந்த விதியின் கீழ் என்று பாருங்கள். அமெரிக்காவில் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு தரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் கேட்டுக் கட்டாயப்படுத்துவதில்லை. நிதியுதவி இல்லாத ஆஃபருக்கு இது பொருந்தாது, அங்கே கடிதத்தில் போட்ட தேதிதான் கணக்கு. முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயத்தைக் கேளுங்கள்: விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வருமா, சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்கலாமா.

இரண்டு ஆஃபருக்கு நடுவே தூக்கம் கெடுகிறது என்றால், இரண்டு இடத்துக்கும் முதல் செமஸ்டரின் கால அட்டவணையை எடுத்து, சேர்ந்துவிட்டதாகவே நினைத்து வாரம் முழுதும் நிரப்பிப் பாருங்கள். திங்கள் காலை எந்தப் பாடம், யார் எடுக்கிறார், லேப் எந்த நாள். ஒன்று சரசரவென்று நிரம்பும், மற்றொன்றில் மூன்றாவது பாடத்துக்கே தேட வேண்டியிருக்கும். முன்பணம் கட்டிய அன்றே மற்ற இடங்களுக்கு வரவில்லை என்று தெரிவித்துவிடுங்கள், காத்திருப்போர் பட்டியலில் ஒருவருக்கு அந்த சீட் போகும்.